கையும் சொல்லும்

கலைப்பீட மாணவனொருவன் இலத்திரனியற் சுற்றுப்பலகையைப் பற்றி எழுதப் புகுவது இம்மலரின் வாசகர் சிலருக்கேனும் புதுமையாகத் தோன்றக்கூடும். “அது ஆற்றுக்கு அப்பாலுள்ளவர்களின் விடயமல்லவா?” என்று நண்பனொருவன் கேட்டான். பேராதனையில் இவ்வினாவை வெறும் உருவகமாகக் கொள்ளுதல் இயலாது. 1964ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து இங்கு இடம்மாறிய பொறியியற்பீடம் மகாவலியின் ஒரு கரையிலும், கலைப்பீடம் மறுகரையிலும் அமைந்துள்ளன. அக்பர் பாலத்தைக் கடந்து செல்லச் சில நிமிடங்களே போதும். ஆயினும், கற்கும் நோக்குடன் அப்பாலத்தைக் கடந்தவர் எம்மிடையே எத்தனை பேர் உளர்?

இப்பிரிவு ஆற்றினால் ஏற்பட்டதன்று, பல்கலைக்கழகத்தில் தொடங்கியதுமன்று. க.பொ.த. சாதாரண தரம் வரை நாம் அனைவரும் விஞ்ஞானம் கற்றோம். தடையி, கொள்ளளவி, ஒளிகாலும் இருவாயி ஆகிய சொற்களை மனனஞ்செய்து, அவற்றின் குறியீடுகளை வரைந்து புள்ளிகளும் பெற்றோம். பின்னர் உயர்தர வகுப்புக்கு ஒரு துறையைத் தெரிவு செய்தோம். அன்றிலிருந்து அச்சொற்கள் எமக்கு உரியனவல்ல என்றாயிற்று. அவற்றால் குறிக்கப்பட்ட பொருள்களைக் கையிலெடுத்துப் பார்க்கும் வாய்ப்பு எம்மிற் பலருக்கு அதற்கு முன்பும் வாய்த்ததில்லை.

சென்ற விடுமுறையில் அப்பொருள்களைக் கொண்டு ஒரு சிறு சுற்றுப்பலகையை வடிவமைத்துச் செய்யும் தேவை எனக்கு ஏற்பட்டது. அறிவின் எல்லைகளைத் தகர்க்கும் பெருநோக்கு எதுவும் அதன் பின்னணியில் இருக்கவில்லை. அம்மம்மாவுக்குக் காது கேளாது போனமையே காரணமாகும்.

வடமராட்சியில் எமது வீடு ஒரு நீண்ட வளவின் உட்புறத்தே அமைந்தது. படலைக்கும் விறாந்தைக்கும் இடையே இருபது மீற்றருக்குக் குறையாத தூரமுண்டு. வருபவர் படலையடியில் நின்று குரல் கொடுப்பர். தபாற்காரர் சைக்கிள் மணியை அடிப்பார். எண்பத்திரண்டு வயதான அம்மம்மா பகலில் வீட்டில் தனியே இருப்பவர். சில ஆண்டுகளாக அவருக்குச் செவிப்புலன் குன்றி வந்தது. காதிற் பொருத்தும் கருவி ஓயாது இரைகின்றது என்று அதனைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். அதன் பின் படலைக்கு வந்தவர்கள் அழைத்துப் பார்த்துத் திரும்பிப் போகலாயினர். அவருடைய சிநேகிதியொருவர் இருமுறை வந்து திரும்பிய செய்தியை அம்மம்மா ஒரு கிழமை கழித்தே அறிந்தார். அன்று அவர் உணவருந்தவில்லை. “ஆரும் வாறதில்லை எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தன், மோனை” என்று மாத்திரமே கூறினார்.

காதுக்கு எட்டாததைக் கண்ணுக்கு எட்டச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. படலையில் ஓர் அழுத்தி. அதனை ஒருமுறை அழுத்தினால் விறாந்தையிலும் குசினியிலும் படுக்கையறையிலும் செவ்விளக்கு எரிதல் வேண்டும். விரலை எடுத்த மறுகணமே விளக்கு அணைந்துவிட்டால் பயனில்லை. குனிந்து மரக்கறி நறுக்கிக்கொண்டிருப்பவர் தலைநிமிர்ந்து பார்க்கும்வரை அது எரிதல் வேண்டும். சுருங்கக் கூறின், விளக்கு ஏறத்தாழப் பத்து வினாடிக்கு நினைவாற்றல் உடையதாதல் வேண்டும்.

இதனை மாமாவிடம் கூறினேன். அம்மம்மாவின் மூத்த மகனாகிய அவர் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளைத் திருத்தும் தொழிலை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தவர். 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்விநியோகம் நின்று, மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாகிவிட்ட காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவின் மின்னைக் கொண்டு மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டுவது நேரோட்டம். நான்கு இருவாயிகளையும் ஒரு கொள்ளளவியையும் கடதாசி மட்டைத் துண்டில் இணைத்து, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சுற்றுகளை மாமா ஊராருக்குச் செய்து கொடுத்தார். அன்று அவருக்கு இருபத்திரண்டு வயது. உயர்தரப் பரீட்சையைத் தாண்டாதவர். இன்றோ திருத்துவிப்பதிலும் புதிது வாங்குவது மலிவு என்றாகிவிட்டது; அவருடைய கண்களும் மங்கிவிட்டன. கடையை மூடி ஆறு ஆண்டுகளாகின்றன. கருவிகள் பின்னறையில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன.

“இதுக்கு ஒரு 555 காணும்” என்றார் மாமா.

555 என்பது ஒருங்கிணைந்த சுற்றொன்றின் பெயர். எட்டுக் கால்களையுடைய, சுண்டுவிரல் நகத்தளவான கருஞ்சில்லு. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஹான்ஸ் கமென்சின்ட் என்பார் 1971இல் அமெரிக்காவில் சிக்னெற்றிக்ஸ் நிறுவனத்துக்காக இதனை வடிவமைத்தார். 1972இல் அது விற்பனைக்கு வந்தது. அவருடைய முதல் வடிவத்துக்கு ஒன்பது கால்கள் தேவைப்பட்டன. ஓரிடத்தில் மாறா மின்னோட்டம் தரும் பகுதியை நீக்கித் தடையியைப் பயன்படுத்தலாம் என அவர் பின்னர் கண்டதனாலேயே எட்டுக் கால்கள் போதுமாயின. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அச்சில்லு வழக்கொழியவில்லை.

அதன் செயற்பாட்டை விளங்கிக்கொள்ள உயர் கணிதம் வேண்டுவதில்லை. கொள்ளளவியை ஒரு தொட்டியாகவும், தடையியை அதற்கு நீர் விடும் ஒடுங்கிய குழாயாகவும் கருதுக. அழுத்தியை அழுத்தியதும் விளக்கு எரியும். தொட்டியும் நிரம்பத் தொடங்கும். நீர் மூன்றில் இரண்டு பங்கு மட்டத்தை எட்டியதும் சில்லு விளக்கை அணைத்துத் தொட்டியை வெறுமையாக்கிவிடும். குழாய் ஒடுங்கினாலோ தொட்டி பெருத்தாலோ காலம் நீளும். தடையின் பெறுமானத்தைக் கொள்ளளவத்தாற் பெருக்கி, அதனை மீண்டும் 1.1ஆற் பெருக்கினால் வினாடிக் கணக்கு வரும். 470 கிலோ ஓம் தடையியும் 22 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியும் எடுத்தால் விடை 11.4 வினாடி. மின்வழங்கலுக்கு, பழைய கைத்தொலைபேசியொன்றின் 5 வோல்ற்று மின்னேற்றி வீட்டில் இருந்தது.

சுற்றின் வரைபடம் ஒன்று. அதனைப் பலகையில் அமைப்பது வேறொன்று. இவ்வேறுபாட்டை நான் அறிந்தது சதுரக்கோட்டுத் தாளின் முன் அமர்ந்த பின்னரே. வரைபடத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லலாம். அங்கே அவை வெறும் கருத்துகள். பலகையில் அவை செப்புப் பாதைகள். ஒருபக்கச் செப்புப் பலகையில் இரு பாதைகள் வெட்டினால் அவை ஒன்றாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பாதைக்கும் மற்றவற்றைத் தொடாத வழியொன்றைத் தேடுதல் வேண்டும். சில்லின் கால்கள் ஓர் அங்குலத்தின் பத்திலொரு பங்கு, அதாவது 2.54 மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்பவை. 4ஆம் காலும் 8ஆம் காலும் எதிரெதிர் மூலைகளில் உள்ளன. ஆயினும் இரண்டும் மின்வழங்கலுடன் சேரவேண்டியவை. அவற்றை இணைக்கும் பாதையைச் சில்லின் வயிற்றின் கீழ்க் குறுக்காகக் கொண்டுசெல்லலாம் என்பது நான்காவது தாளிலே புலப்பட்டது. ஐந்தாவது தாளில், மேற்புறத்தே ஒரேயொரு கம்பித் துண்டைப் பாலமாக இட்டு எல்லாப் பாதைகளையும் முடித்தேன்.

வரைந்ததை மாமா உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பார்த்தார். “இது மேலயிருந்து பாக்கிற படம். செம்பு கீழயெல்லோ இருக்கு? திருப்பிக் கீறு” என்றார்.

பகுதிகள் மேலே அமர, அவற்றின் கால்கள் துளைகளின் வழியே இறங்கிக் கீழ்ப்புறச் செம்பைச் சேர்கின்றன. செப்புப் பக்கத்திலிருந்து நோக்குங்கால் இடம் வலமாகும். மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாக எண்ணப்படும் கால்கள் கீழிருந்து வலஞ்சுழியாக எண்ணப்படும். தாளை யன்னற் கண்ணாடியில் ஒட்டி, பகல் வெளிச்சத்தில் அதன் மறுபுறத்தே கோடுகளை வரைந்து இப்புரட்டைச் செய்தேன். அவ்வேளையில் அச்சுக்கோப்போர் நினைவுக்கு வந்தனர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய அவர்கள், கண்ணாடியில் தெரிவது போன்று புரண்ட எழுத்துகளையே நாள் முழுதும் வாசித்தவர்கள். 1849இல் வண்ணார்பண்ணையில் நாவலர் நிறுவிய அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்த பனுவல்களும் அத்தகைய கைகளைக் கடந்தே எம்மிடம் வந்தன. பதிப்பாசிரியர்களைப் பற்றிப் பரீட்சைகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றோம். எழுத்தைத் தலைமாற்றி வாசித்த கண்களைப் பற்றி ஒரு வரியேனும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

இவ்வொப்புமை தற்செயலானதன்று. இத்தகைய பலகையை ஆங்கிலத்தில் வழங்கும் பெயரின் பொருளே ‘அச்சிட்ட சுற்றுப்பலகை’ என்பதாகும். முன்னாளில் வானொலிப் பெட்டியின் உள்ளே ஒவ்வோர் இணைப்பும் தனித்தனிக் கம்பியாற் கையினாலே செய்யப்பட்டது. வியன்னாவிற் பிறந்த யூதரான போல் ஐஸ்லர், அச்சுத்தொழிலின் நுட்பங்களையும் அறிந்திருந்தவர். 1936இல் இங்கிலாந்துக்குச் சென்றார். செப்புத் தகட்டில் வேண்டிய பாதைகளை மையினாற் காத்து, எஞ்சியதை அமிலக் கரைசலால் அரித்தெடுக்கும் முறையை வானொலிக்குப் பயன்படுத்திக் காட்டினார். 1943இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். புத்தகம் அச்சிடும் கலையும் இலத்திரனியலும் அவரிடத்தே ஒன்றையொன்று சந்தித்தன. ஆற்றின் இரு கரைகளையும் அறிந்த ஒருவர் அவர் எனலாம்.

செப்புத் தகடு ஒட்டிய பலகையை நுண்ணிய அரத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப்பசை போக்கி, அழியா மைப் பேனாவாற் பாதைகளை வரைந்தேன். பின்னர் பிளாத்திக்குத் தட்டில் ஊற்றிய பெரிக்குக் குளோரைட்டுக் கரைசலில் அதனை இட்டேன். செப்புப் படையின் தடிப்பு 35 மைக்கிரோமீற்றர். தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய அரைப்பங்கு. வெந்நீர் நிரம்பிய பெரிய பாத்திரத்தினுள் தட்டை வைத்து இளஞ்சூடு ஏற்றி மெல்ல அசைத்துக்கொண்டிருந்தேன். கால்மணி நேரம் வரை மாற்றமெதுவும் தோன்றவில்லை. பின்னர் ஓரங்களிலிருந்து செம்பு மறைந்து, பலகையின் வெளிர்நிறம் சிறிது சிறிதாக உள்நோக்கிப் பரவியது. நாற்பது நிமிடங்களின் பின் மையின் கீழிருந்த செம்பு மாத்திரமே எஞ்சிற்று.

கழிவுக் கரைசலை முற்றத்தில் ஊற்ற மாமா விடவில்லை. யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக் கல்லாலானது. மேலே ஊற்றுவது கீழே இறங்கும். “கிணத்தைத்தானே குடிக்கிறம்” என்றார். முப்பது ஆண்டுகளாக அவர் அதனைப் போத்தல்களில் அடைத்து, வலுவிழக்கும்வரை மீண்டும் மீண்டும் பயன்படுத்தி வந்துள்ளார். சூழலியல் பற்றிய எந்த விரிவுரையையும் அவர் கேட்டவரல்லர்.

அன்றிரவு மேசை விளக்கின் கீழ் பகுதிகளைப் பொருத்த அமர்ந்தோம். தடையிகளின் பெறுமானம் எண்ணால் எழுதப்படுவதில்லை, நிறவளையங்களாற் குறிக்கப்படும். மாமா ஒரு தடையியைக் கண்ணருகே கொண்டுசென்றார், விளக்கருகே பிடித்தார், பின்னர் அதனை மௌனமாக என் கையில் வைத்தார்.

“நிறத்தைச் சொல்லு, தம்பி.”

“மஞ்சள், ஊதா, மஞ்சள்.”

“நானூற்றி எழுபது கே. மற்றது?”

“மண்ணிறம், கறுப்பு, செம்மஞ்சள்.”

“பத்துக் கே.”

ஒரு கணத் தாமதமுமின்றி விடைகள் வந்தன. அட்டவணையைப் பார்த்துச் சில நிமிடங்களில் நான் கணிக்கக்கூடியதை அவர் மூச்சு விடுவது போற் கூறினார். ஆயின் மண்ணிறத்துக்கும் சிவப்புக்கும் இடையிலான வேறுபாட்டை இனி அவராற் காண இயலாது. கண் என்னிடமும் அறிவு அவரிடமுமாக அன்று ஓர் ஆளாய் அமர்ந்து நாங்கள் வேலை செய்தோம். தம் தாய்க்கான கருவியைத் தாமே செய்துமுடிக்க இயலாமை அவருக்கு எத்தகையதாய் இருந்திருக்கும் என்று நான் எண்ணினேன், கேட்கவில்லை.

பற்றாசு பிடிக்கும் வேலை என்னுடையதாயிற்று. நூலிற் படித்த ‘பற்றாசு’ என்ற சொல்லை நான் கூறியதும் மாமா சிரித்தார். அவருக்கு அது ஈயம். கொள்ளளவி அவருக்குக் கண்டென்சர். வெள்ளீயம் அறுபதும் ஈயம் நாற்பதுமாய்க் கலந்த அக்கம்பி 190 பாகை செல்சியசை அண்மித்து உருகும் என்பதை நான் அறிந்திருந்தேன். அதனை எவ்வாறு உருக்குவது என்பதை அவர் அறிந்திருந்தார். “ஈயத்தைச் சுடாதை. காலையும் செம்பையும் சேத்துச் சுடு. ஈயம் தானா ஓடி வரும். ஓடேக்க ஊதாதை.” சூடேறிய இடத்தைத் தேடி உருகிய உலோகம் ஒரு கணத்தில் பாய்ந்து காலைச் சூழ்ந்து, சிறிய எரிமலை போன்ற வடிவில் மினுங்கி உறைந்தது. எந்த நூலின் வருணனையும் அக்கணத்தை எனக்கு முன்கூட்டித் தந்ததில்லை. இரண்டாவது இணைப்புக்கு மாமா சொல்லவேண்டியிருக்கவில்லை.

மறுநாட் காலை அழுத்தியை அழுத்தினோம். மூன்று விளக்குகளும் எரிந்தன. கடிகாரத்தின்படி 13 வினாடி. கணக்கோ 11.4 என்றது. இத்தகைய கொள்ளளவிகள் குறித்த பெறுமானத்திலிருந்து நூற்றுக்கு இருபது வரை கூடியோ குறைந்தோ இருக்கலாம் என்பது அவற்றைச் செய்வோரே ஒப்புக்கொள்ளும் விடயம்.

பிற்பகலில் ஒரு புதிர் தோன்றியது. படலையில் எவருமில்லாத வேளையில் விளக்கு எரிந்தது. மாலைக்குள் நான்கு முறை அவ்வாறு நிகழ்ந்தது. ஒவ்வொரு முறையும் அம்மம்மா எழுந்து, தடியை ஊன்றி, படலை வரை நடந்து திரும்பினார். காரணத்தை மாமா கண்களால் அன்றிக் காதாலே கண்டுபிடித்தார்: அயல்வீட்டு நீரிறைக்கும் இயந்திரம் தொடங்கும் ஒலியும் விளக்கு எரிவதும் ஒருங்கே நிகழ்ந்தன. இருபது மீற்றர்க் கம்பி அலைவாங்கிபோற் செயற்பட்டு, இயந்திரம் தொடங்குகையில் எழும் மின்துடிப்பை உள்வாங்கியது. 0.1 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியொன்றை 2ஆம் காலுக்கும் புவித்தொடுப்புக்கும் இடையே இணைக்கும்படி கூறினார். நொடிப்பொழுதுத் துடிப்பை அது விழுங்கிவிடும். விரலின் நீண்ட அழுத்தம் மாத்திரமே உட்செல்லும். அதன் பின் பொய்யழைப்பு நின்றது.

அக்கொள்ளளவியால் இன்னொரு விளைவும் உண்டாயிற்று. மின்தடையின் பின் மின் மீளும் ஒவ்வொரு முறையும், அது வெறுமையாய் இருப்பதால், சில்லு அதனை அழைப்பெனக் கொண்டு விளக்கை ஒருமுறை எரிக்கின்றது. இதனைத் தவிர்க்க வழியுண்டா என்று நான் ஆராயத் தொடங்கியபோது அம்மம்மா தடுத்தார். மின் வந்துவிட்டது என்ற செய்தியும் அவருக்குத் தேவையாம்! பகல் வேளையில் விசிறியின் ஓசை கேளாத ஒருவருக்கு வேறு எது அதனை அறிவிக்கும்? வடிவமைத்தவர் எண்ணாத பொருளைப் பயன்படுத்துபவர் கண்டுகொள்கின்றார். இலக்கியத் திறனாய்வு வகுப்பில் இதே கருத்தை நாம் வேறு சொற்களிற் படித்திருக்கின்றோம்.

இவ்வனுபவத்தைக் கொண்டு கலை மாணவர் அனைவரும் பற்றாசுக்கோலை ஏந்துதல் வேண்டும் என்று வாதிடுவது என் நோக்கமன்று. என்னை உறுத்துவது வேறொன்று. தடையி, கொள்ளளவி, பற்றாசு ஆகிய சொற்களைத் தமிழில் ஆக்கித் தந்த அறிஞரின் உழைப்பு மதிப்புக்குரியது. ஆயின் அச்சொற்கள் பாடநூலிலேயே தங்கிவிட்டன. வேலை தெரிந்த கைகள் அவற்றை அறியா. மறுபுறத்தே, மாமாவைப் போன்றோரின் கைகளில் உள்ள அறிவுக்குச் சொல் வடிவமே கிடைக்கவில்லை. “ஓடேக்க ஊதாதை” என்பதற்குக் காரணமுண்டு. உறையுந் தறுவாயில் அசைந்தாலோ திடீரெனக் குளிர்ந்தாலோ இணைப்பு நலிந்துவிடும். அக்காரணத்துடன் அதனைத் தமிழில் எழுதிவைத்த நூலொன்றை நான் கண்டதில்லை. கையிடம் சொல் இல்லை. சொல்லிடம் கை இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் வாழ்ந்தும் ஒன்றையொன்று அழைக்காதிருந்தன.

நாட்டார் பாடல்களைத் திரட்ட நாம் ஊர் ஊராகச் செல்கின்றோம். வழக்கொழியும் சொற்களைத் தொகுக்கின்றோம். திருத்துவோர், தச்சர், அச்சுக்கோப்போர் ஆகியோரின் தொழிலறிவும் அவ்வாறே மறைந்து வருவது. அதனைக் கேட்டறிந்து ஒழுங்குபடுத்தி எழுதும் பயிற்சி கலைப்பீடத்தாராகிய எமக்கே உண்டு. மின்னியல் தெரியாமை அதற்குத் தடையாகாது. விளங்காததை மீண்டும் கேட்க வைப்பதால் அது துணையாகவும் அமையலாம்.

விடுமுறையின் எஞ்சிய நாட்களில் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து மாமா கூறியவற்றை எழுதத் தொடங்கினேன். இடப்பக்கத்தில் அவருடைய சொற்கள், அவர் கூறியவாறே. வலப்பக்கத்தில் பாடநூற் சொல்லும் நான் விளங்கிக்கொண்ட காரணமும். முதலில் அவர் கூச்சப்பட்டார். இவற்றையெல்லாம் யார் படிப்பர் என்றார். இப்பொழுது தொலைபேசியில் அழைத்து, “இன்னொண்டு நினைவு வந்தது, எழுது” என்கின்றார். இதுவரை நாற்பத்தொரு குறிப்புகள் சேர்ந்துள்ளன. வலப்பக்கத்திற் சில இடங்கள் இன்னும் வெறுமையாய் உள்ளன. அவற்றை நிரப்ப, வரும் தவணையில் அக்பர் பாலத்தைக் கடந்து சென்று கேட்க எண்ணியிருக்கின்றேன்.